நாற்காலி வந்த பிறகு வருகிற வருடங்கள்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானைத் தாண்டிக் கிறவல் ஒழுங்கை ஒன்றில் இறங்கினால் வருகிற வீடு அது. படலைக்குப் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி மடித்துச் சாத்தப்பட்டிருந்தது. அதன் முதுகுத் துணியில் காலமான ஒருவரின் பெயரும், அவருடைய ஓராண்டு நினைவாக வழங்கப்பட்டது என்ற வரியும் வெள்ளை மையால் எழுதப்பட்டிருந்தன. பிள்ளை உள்ளே பாயில் படுத்திருந்தான். 11 வயது. பிறப்பிலிருந்தே மூளை முடக்குவாதம். "பெரிய ஆளுக்குச் செய்தது தம்பி, இவன் அதற்குள் சரிந்து விழுகிறான்" என்றார் தாய். இருக்கையின் அகலத்தை அளந்து பார்த்தேன்: 18 அங்குலம். பிள்ளையின் இடுப்பு 11 அங்குலம்.

இரண்டு பக்கமும் தலையணை செருகி, பழைய சேலைத் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டி, ஆறு மாதம் சமாளித்திருக்கிறார்கள். பிறகு முன்சக்கரம் ஒன்றின் பெயரிங் இறுகிவிட்டது. உருள வேண்டிய சக்கரம் கிறவலை உழத் தொடங்கியது. நாற்காலி படலையடிக்குப் போனது, பிள்ளை பாய்க்குத் திரும்பினான்.

அந்த நாற்காலியைக் கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தவர்கள். கொடுத்த அன்று எடுத்த படத்தைத் தாய் பத்திரமாக வைத்திருக்கிறார். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். குறை அந்த நாளில் இல்லை, அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்கியது. சில வருடங்களாக இப்படியான குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருகிறேன். அதில் நான் கண்டது இதுதான்: ஒரு நாற்காலிக்கு வன்னியில் எப்படியோ காசு கிடைத்துவிடுகிறது. அது பழுதாகும்போது, பிள்ளை வளரும்போது, மெத்தை நசியும்போது, பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கும்போது யாரிடமும் காசு இல்லை. எனவே உதவி எங்கே கிடைக்கும் என்பதோடு, எதை, எந்த ஒழுங்கில், எத்தனை வருடத்துக்குக் கேட்பது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

யார் இந்தப் பிள்ளைகள்

வன்னியில் சக்கர நாற்காலி என்றவுடன் யுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. அதில் பிழையில்லை. 2009இல் மாத்தளனிலோ முள்ளிவாய்க்காலிலோ ஐந்து வயதில் முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்ட பிள்ளை இன்று இருபது வயதைக் கடந்த இளைஞர். அவருக்கு இப்போது வேண்டியது தொழிலுக்குப் போய்வரக்கூடிய ஒரு நாற்காலி. அவருக்குப் பின்னால் இன்னொரு தலைமுறை வந்துவிட்டது. மூளை முடக்குவாதத்தோடும், முள்ளந்தண்டுப் பிளவோடும் பிறந்த பிள்ளைகள், ஓடித் திரிந்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நடை இழக்கிற, டுசென் தசைச் சிதைவு கொண்ட ஆண் பிள்ளைகள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு அடிபட்டவர்கள். இளம்பிள்ளை வாதம் இந்தப் பட்டியலில் இப்போது இல்லை. இலங்கையில் கடைசியாக அது பதிவானது 1993இல்.

இந்த வேறுபாட்டை நிதி கொடுப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. யுத்தத்தில் காயப்பட்டவர் என்றால் உதவி விரைவாக வருகிறது. பிறப்பிலேயே இயலாமையோடு வந்த பிள்ளை என்றால் "அது விதி" என்று கதை முடிந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைக்கும் வீட்டு வாசற்படி ஒரே உயரம்தான்.

வளரும் பிள்ளைக்கு நாற்காலி சட்டை மாதிரி. இரண்டு மூன்று வருடத்தில் சிறிதாகிவிடும். பெரியவருக்கு அளவானதை வாங்கி "வளர்ந்தும் பாவிக்கலாம்" என்று கொடுப்பது, செருப்பைப் பெரிதாக வாங்கிக் கொடுப்பது போன்றதல்ல. அளவில்லாத நாற்காலியில் இருக்கிற பிள்ளையின் முதுகு ஒரு பக்கமாக வளையும், இடுப்பு சரியும், மூச்சும் சாப்பாடும் கூடச் சிரமமாகும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்துச் சொன்னது. பிள்ளையைப் பரிசோதிப்பது, ஏற்றதைத் தெரிவது, பணம் ஒழுங்குசெய்வது, பொருத்துவது, பயிற்றுவது, பிறகு பழுது பார்த்துத் தொடர்ந்து கவனிப்பது என்று அது போகும். கையளிப்பு விழா அந்த எட்டில் எதிலும் இல்லை. 2023இல் வந்த புதிய வழிகாட்டியும் தெரிவு, பொருத்தம், பாவனைப் பயிற்சி, தொடர்ந்த கவனிப்பு என்று அதையேதான் சுருக்கிச் சொல்கிறது. உலகில் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவை என்றும், நாட்டுக்கு நாடு அவர்களில் 5 முதல் 35 வீதமானவர்களுக்கே அது கிடைக்கிறது என்றும் அதே நிறுவனம் கணிக்கிறது.

மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது. கல்லில் இருந்தாலும் பஞ்சில் இருந்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். வன்னி வெயிலில் வியர்வை ஊற, ஒரே இடம் எலும்புக்கும் துணிக்கும் நடுவில் நசிய, தோல் சிவந்து, பிறகு கறுத்து, புண்ணாகிறது. மெத்தை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளை நாற்காலியில் இருக்கும்போது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மெத்தைக்கு அடியில் கையைச் செலுத்துங்கள். இருப்பெலும்பு விரல்களை நசுக்கினால் அந்த மெத்தை தன் வேலையை நிறுத்திவிட்டது. ஆழமான புண் ஒன்று ஆற மாதக்கணக்கு ஆகும். அந்த மாதங்களில் தாய் வயல் வேலைக்குப் போக முடியாது, பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியாது. நாற்காலிக்குப் பணம் கொடுக்கிற எவரும் இரண்டாவது மெத்தைக்கும் சேர்த்துக் கொடுத்தால், அது பல மாத ஆஸ்பத்திரி வாசத்தைத் தவிர்க்க முன்கூட்டியே கட்டிய பணம்.

முதலில் பிரதேச செயலகம்

பலர் அரசிடம் கேட்பதைத் தாண்டி நேரே வெளிநாட்டுக்கு அழைப்பெடுக்கிறார்கள். அலைச்சலுக்குப் பயம். "நாளைக்கு வாருங்கள்" கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் அரசுப் பதிவு முதலில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தொண்டு நிறுவனம் எதுவாக இருந்தாலும் முதலில் கேட்பது, வேறு எங்கே விண்ணப்பித்தீர்கள் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குக் கையில் கடிதம் இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நடைமுறையில் ஒரு குடும்பம் சந்திப்பது கிராம அலுவலரையும், பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரையும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அதே செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பாருங்கள். பல தாய்மார் இந்த இரண்டாவது மேசைக்குப் போவதேயில்லை.

மாதக் கொடுப்பனவு முதலாவது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின் கீழ் குறைந்த வருமானக் குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிக்குத் தனியாக ஒரு கொடுப்பனவு உண்டு. 2024இல் 7,500 ரூபாவாக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ரூபா. விசுவமடுவிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ வான் பிடித்து ஒரு தடவை யாழ்ப்பாணக் கிளினிக்குக்குப் போய்வந்தால் அந்த மாதத்துக் காசு தீர்ந்துவிடும். ஆனால் அது மாதாமாதம் வருகிற காசு. மற்ற உதவிகள் எல்லாம் ஒருதரம் வந்து நின்றுவிடுகிறவை. அதனால் அதை விட்டுவிடக் கூடாது. கொடுப்பனவு தவிர, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகமும் வடமாகாண சமூக சேவைகள் திணைக்களமும் உதவு உபகரணம், வீடு திருத்தம், மலசலகூடத்தை ஏற்றவாறு மாற்றுதல், சுயதொழில் என்று வேறு உதவிகளும் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஒதுக்கப்படும் பணம் குறைவு, காத்திருப்போர் பலர். வருடத் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்து, கொடுத்த திகதியுடன் ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி பிறகு பல இடங்களில் பேசும்.

சத்திரசிகிச்சை தேவைப்படுகிற பிள்ளை என்றால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. முன்பு அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம்.

நமக்குக் கிட்டவாக இருப்பவர்கள்

யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்து இயங்குகிறது. செயற்கைக் கால் என்றே பலர் அதை அறிவார்கள். சக்கர நாற்காலியும் அதன் வேலைகளில் ஒன்று. வவுனியாவில் ஓகான், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வரோட் ஆகியவை மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்கின்றன. மாங்குளத்தில் உயிரிழை இருக்கிறது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி அமைத்தது அது. இந்தக் கடைசி அமைப்பை நான் தனியாக மதிக்கிறேன். ஒரு பிள்ளைக்குச் சிறுநீர்க் குழாயான கதீற்றரை மாற்றுவது எப்படி, சாய்ந்து பாரத்தை இறக்குவது எப்படி, திருமணம் தொழில் என்று ஒரு வாழ்க்கை இதற்குப் பிறகும் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு, அதை வாழ்ந்து காட்டியவர் சொல்கிற பதில் வேறு எவராலும் சொல்ல முடியாதது. காசு கேட்டுப் போகும் குடும்பம் பல வேளை அங்கே காசைவிடப் பெரிய ஒன்றோடு திரும்பும்.

மாங்குளத்தில் நெதர்லாந்து நிதியுதவியோடு எழுந்த மறுவாழ்வு மருத்துவமனையும் முக்கியமானது. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். மாங்குளம் அதில் பாதிக்கும் குறைவு. இயன்மருத்துவரின் மதிப்பீட்டுக் கடிதம் ஒன்றை ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு அதன் பிறகு நன்கொடையாளரிடம் போவது, வெறுங்கையோடு போவதிலிருந்து முற்றிலும் வேறானது.

ரோட்டரி, லயன்ஸ் கழகங்களைப் பற்றி ஒரு சிறிய விஷயம். அவர்களுடைய வருடம் ஜூலை முதலாம் திகதி தொடங்குகிறது. புதிய தலைவர் அந்த நாட்களில்தான் வருடத்துக்கான திட்டங்களைத் தேடுவார். மே மாதத்தில் கேட்டால் காசு முடிந்திருக்கும். ஜூலையில் கேட்டால் காது திறந்திருக்கும். வெளிநாட்டுத் தூதரகங்களின் சிறு மானியங்கள், ஜப்பானினதோ அவுஸ்திரேலியாவினதோ, பதிவுசெய்த அமைப்புகளுக்குப் போகிறவை. தனிக் குடும்பம் அவற்றை நேரே கேட்க முடியாது. ஊரில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஓர் அமைப்பின் ஊடாகக் கேட்கலாம்.

கடல் கடந்து வருகிற காசு

உண்மையில் வன்னியின் தொண்டுப் பணத்தில் பெரும்பகுதி லண்டன், ரொறன்ரோ, சூரிச், பாரிஸ், ஒஸ்லோ என்று நம் உறவுகள் வாழும் நகரங்களிலிருந்து வருகிறது. அதன் வழிகளைப் புரிந்துகொள்வது பிரயோசனமானது.

லண்டனில் உள்ள சித்தப்பாமார் சிலர் நல்லெண்ணத்தோடு அங்குள்ள பிள்ளைகள் தொண்டு நிறுவனங்களுக்கு எழுதிப் பார்க்கிறார்கள். 1990இல் தொடங்கிய விஸ்கிட்ஸ் இளம் பிள்ளைகளுக்கு அளவெடுத்து நாற்காலி கொடுக்கிறது. 1973இல் தொடங்கிய ஃபாமிலி ஃபண்ட் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானியம் கொடுக்கிறது. இரண்டும் நல்ல நிறுவனங்கள், ஆனால் பிரித்தானியாவில் வாழ்கிற பிள்ளைகளுக்கானவை. ஒட்டுசுட்டான் பிள்ளைக்கு அங்கே வழியில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது: காசுக்கு முன்னால் அளவு என்ற ஒழுங்கு. 1991இல் பிரித்தானியாவில் தொடங்கி இலங்கையிலும் வேலை செய்திருக்கிற மோட்டிவேஷன் நிறுவனம் வேறு வகை. கரடுமுரடான நிலத்துக்கென்றே மூன்று சக்கர நாற்காலியை வடிவமைத்தவர்கள் அவர்கள். முன்னால் நீண்டு நிற்கிற அந்த ஒற்றைச் சக்கரம் கிறவலிலும் வயல் வரம்போரத்திலும் புதையாது. ஆஸ்பத்திரி வகை நாற்காலியின் சின்ன முன்சக்கரங்கள் சீமெந்துத் தரைக்குச் செய்தவை.

பிரித்தானியாவில் பதிவுசெய்த தொண்டு நிறுவனத்தின் ஊடாகப் பணம் அனுப்பினால், வரி கட்டுகிற நன்கொடையாளரின் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு மேலும் 25 பென்ஸ் சேர்க்கிறது. தனியாள் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் அது கிடையாது. நிறுவனம் உண்மையானதா என்று பார்க்க அதன் பதிவு இலக்கத்தை அந்நாட்டுத் தொண்டு ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எவரும் தேடலாம். கனடாவில் சட்டம் நீண்ட காலமாக இறுக்கமாக இருந்தது. பதிவுசெய்த தொண்டு நிறுவனம் வெளிநாட்டு அமைப்புக்கு நேரே மானியம் கொடுக்க முடியாமல், தன் சொந்த வேலையாகவே அதைக் காட்ட வேண்டியிருந்தது. 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கணக்கும் பொறுப்பும் சரியாக இருந்தால் இங்குள்ள அமைப்புக்கு மானியம் கொடுக்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் பல ஊர்ச் சங்கங்களுக்கு இந்த மாற்றம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கே பணத்தைப் பெறுகிற அமைப்புக்கும் பதிவு வேண்டும். சமூக சேவைத் தன்னார்வ அமைப்புகளுக்கு அது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. பதிவுக் கடிதமும் கணக்கறிக்கையும் இல்லாத அமைப்புக்கு மற்ற நாட்டுச் சங்கம் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நம் ஆட்கள் எப்போது கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தியேட்டிக்கு, ஆண்டுத் திவசத்துக்கு, பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு, திருமண நாளுக்கு. மன்னார்ப் பக்கம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு. முஸ்லிம் மக்கள் வாழும் முசலியிலும் நீராவிப்பிட்டியிலும் சகாத் என்ற கடமையான தானத்துக்குக் கணக்குப் பார்க்கிறபோது. இவை எல்லாம் வருடத்துக்கு வருடம் திரும்பி வருகிற நாட்கள். சக்கர நாற்காலியின் தேவையும் வருடத்துக்கு வருடம் திரும்பி வருகிறதுதான். இரண்டையும் இதுவரை நாம் இணைக்கவில்லை. அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு நாற்காலி, இரண்டாம் ஆண்டுக்கு வேறு ஊரில் வேறு பிள்ளைக்கு மதிய உணவு, மூன்றாம் ஆண்டுக்கு இன்னொன்று என்று போகிறது. இதை மாற்றி, முதலாம் ஆண்டில் நாற்காலி, இரண்டாம் ஆண்டில் அதே நாற்காலிக்கு ரயர், ரியூப், பெயரிங், புது மெத்தை, மூன்றாம் ஆண்டில் அதே பிள்ளைக்கு அடுத்த அளவு நாற்காலி என்று வைத்துக்கொண்டால், அந்தக் குடும்பம் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கையேந்த வேண்டியதில்லை. கொடுப்பவருக்கும் தன் தகப்பனின் பெயரில் ஒரு பிள்ளை வளர்வதைப் பார்க்கக் கிடைக்கும். இதை நான் கேட்ட உறவுகளில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அப்படி யாரும் தங்களிடம் கேட்டதில்லை என்றே சொன்னார்கள்.

கடிதம்

ஒரு நல்ல விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கம் போதும். "மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம், தயவுசெய்து உதவுங்கள்" என்ற வரியால் நிரம்பிய மூன்று பக்கக் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு இரக்கம் வருகிறது, எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று தெரியவில்லை. கடிதம் மேசையில் கிடக்கிறது. நான் எழுதிக் கொடுக்கிற கடிதத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"எங்கள் மகளுக்கு வயது 9. முள்ளந்தண்டுப் பிளவோடு பிறந்தவள். தரம் 4 படிக்கிறாள். பாடசாலை வீட்டிலிருந்து 2 கிலோமீற்றர், கடைசி 600 மீற்றர் கிறவல். இப்போதுள்ள நாற்காலி 4 வருடத்துக்கு முன் கிடைத்தது, சிறிதாகிவிட்டது. இயன்மருத்துவரின் கடிதமும் அளவுகளும் இணைத்துள்ளோம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்த பிரதியும் இணைத்துள்ளோம். எமக்குத் தேவை: கரடுமுரடான வீதிக்கு ஏற்ற சிறுவர் நாற்காலி ஒன்று, அழுத்தம் குறைக்கும் மெத்தை இரண்டு, இரண்டு வருடப் பழுது பார்க்கும் செலவு. மூன்று பொருட்களுக்கும் விலைக்கோரல் தனித்தனியே உள்ளது. எல்லாவற்றையும் ஒருவரே தர வேண்டியதில்லை."

கடைசி வரி சிறியது, பலன் பெரியது. முழுத் தொகையையும் பார்த்துத் தயங்குகிறவர் மெத்தையை மட்டும் ஏற்றுக்கொள்வார். விலைக்கோரலை எழுதிய திகதியும் முக்கியம். 2022இல் ஒரே சில வாரங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டிப் போனதைப் பார்த்தோம். இறக்குமதியாகிற நாற்காலியின் விலை அதோடு போனது. பழைய விலைக்கோரலோடு காசு வந்து சேர்ந்து, பொருள் வாங்க முடியாமல் நின்ற குடும்பங்கள் உண்டு.

அளவுகளை எடுப்பது எளிது. பிள்ளையை ஒரு கெட்டியான வாங்கில், முழங்கால் மடிந்து பாதம் தரையில் படும்படி இருத்துங்கள். இடுப்பின் அகலம்; பின்புறத்திலிருந்து முழங்காலின் மடிப்பு வரை தொடையின் நீளம்; மடிப்பிலிருந்து குதிக்கால் வரை; இருக்கையிலிருந்து தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை. இருக்கையின் ஆழம் தொடை நீளத்தைவிட இரண்டு விரல் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலின் பின்பக்கத்தை வெட்டும். இவற்றைக் கொப்பியில் எழுதி, திகதி போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து எழுதுங்கள். மருத்துவர் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொப்பி உங்கள் கையில் இருந்தால் அளவில்லாத நாற்காலியை உங்களால் மறுக்க முடியும். நன்றியோடு மறுப்பதில் தவறு எதுவும் இல்லை.

நாற்காலி வாங்கும்போது இன்னொரு கேள்வியைக் கேளுங்கள்: இதன் ரயரும் ரியூப்பும் ஊர்ச் சைக்கிள் கடையில் கிடைக்குமா? கம்பியை இறுக்கவும், பெயரிங்குக்குக் கிறீஸ் வைக்கவும், ஒட்டுப் போடவும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கிறார். அவரால் தொட முடியாத சக்கரம் என்றால், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், வன்னியில் ஒரு வருடம்தான்.

பள்ளிக்கூடப் படி

பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கப் போகிறது என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான உதவி வருகிறது. பள்ளிக்கூடத்துக்கான சாய்தளம் பற்றி நன்கொடையாளர்கள் கேட்பதே இல்லை. பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி வேண்டும் என்ற விதிகள் 2006இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011இல் அதை வலியுறுத்தியது. அவரே சக்கர நாற்காலியில் இருந்தபடி போராடியவர். அதிபரிடம் போகும் பெற்றோர் இதைத் தயங்காமல் சொல்லலாம். கணக்கு இது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வகுப்பறை வாசலில் இரண்டு படி, மொத்தம் 14 அங்குலம் என்றால் 14 அடி நீளச் சாய்தளம். கொஞ்சம் சீமெந்து, கொஞ்சம் கல், இரண்டு நாள் வேலை. வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம் ஒன்றுக்கு இது பெரிய செலவே அல்ல. மண்டபம் கட்டுகிற சங்கங்கள் முதலில் இதைக் கட்டட்டும். கூடவே ஒரு மலசலகூடக் கதவை அகலமாக்கட்டும். வளர்ந்த பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விடுவதற்குப் படிகளைவிட அந்தக் கதவுதான் காரணம்.

காணொளி

அண்மைக் காலத்தில் யூரியூப் காணொளி வழியாகப் பணம் சேர்ப்பது பரவியிருக்கிறது. உண்மையாகவே பயன் பெற்ற வீடுகளும் உண்டு. இருந்தாலும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண் பிள்ளையின் உடைமாற்றும் சிரமத்தை, அவளுடைய பம்பர்ஸ் செலவை, அவளை வைத்துக்கொண்டே கமெராவுக்கு முன்னால் தாயிடம் கேட்கிறார்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அதை அன்று இரவே பார்க்கிறார்கள். அந்தக் காணொளி அவள் திருமணம் செய்யும் வயதிலும் அங்கே இருக்கும்.

பெற்றோர் மறுக்கலாம். முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், மருத்துவக் கடிதத்தையும் விலைக்கோரலையும் காட்டிக் கேட்கலாம். பணம் பிள்ளையின் பெயரிலுள்ள கணக்குக்கோ தாயின் கணக்குக்கோ வர வேண்டும், இடையில் நிற்பவரின் கணக்குக்கு அல்ல. எவ்வளவு வந்தது என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. பேசத் தெரிந்த பிள்ளையிடம் முதலில் அவள் சம்மதத்தைக் கேளுங்கள்.

சிறிதாகிப்போன நாற்காலிகள்

ஒரு வேலையைக் காசில்லாமலே தொடங்கலாம். ஏ9 வீதியோரக் கிராமங்களில் ஒரு வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கிறது. துணுக்காய், மாந்தை கிழக்கு உட்பக்கம் போனால் ஒன்றும் இல்லாத வீடு இருக்கிறது. வாகனம் நிற்கிற இடத்தில்தான் உதவியும் இறங்குகிறது. ஒரு பிரதேசத்தில் எந்தப் பிள்ளையிடம் என்ன அளவு நாற்காலி இருக்கிறது, எது சிறிதாகிவிட்டது, எது பழுதாகி நிற்கிறது என்று ஒரு பதிவேட்டை மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று வைத்திருந்தால், பத்து நாற்காலியில் பதினைந்து பிள்ளைகள் வளர முடியும். அந்தப் பதிவேட்டையே நன்கொடையாளருக்குக் காட்டலாம். தனித்தனியாகப் பத்துத் தாய்மார் பத்துக் கடிதம் எழுதுவதைவிட அது பலமானது.

அந்த ஒட்டுசுட்டான் வீட்டு நாற்காலியை அப்படித்தான் நகர்த்தினோம். சந்திச் சைக்கிள் கடையில் பெயரிங் மாற்றினார்கள். அது இப்போது இரண்டு ஒழுங்கை தள்ளி, பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவரிடம் இருக்கிறது. அவருக்கு 18 அங்குலம் அளவாகவே இருக்கிறது. முதுகுத் துணியில் எழுதியிருந்த பெயரின் குடும்பத்துக்குத் தகவல் சொன்னோம். சுவிஸில் இருக்கும் மகன் அடுத்த திவசத்துக்குப் பிள்ளைக்குச் சரியான நாற்காலியும் மெத்தையும் தருவதாக எழுதியிருக்கிறார், அளவுகளை அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்கிறார். தாய் கொப்பியில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். இடுப்பு 11. போன மாதம் அளந்தபோது அதன் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு எண் எழுதப்பட்டிருந்தது: 11½.